முந்நூறு கிராம் ஹேமக், ஒன்றரைக் கிலோ மூட்டை

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் தூளியான ஹேமக்கை வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது எடை. பையின் மேல் 280 கிராம் என்று அச்சிட்டிருக்கும். சுருட்டிக் கையில் எடுத்தால் ஒரு மாதுளம்பழம் அளவுதான். அந்த எண் பெரும்பாலும் துணியின் எடை மட்டுமே. மரத்தில் கட்டும் நாடா, அதை மாட்டும் காரபினர் கொக்கி, கொசுவலை, மழைக்கு மேலே கட்டும் தார்ப், அதன் கயிறுகள், முளைகள், அடியிலிருந்து குளிர் ஏறாமல் காக்கும் விரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்தால்தான் முதுகில் ஏறப்போவது எவ்வளவு என்று தெரியும். சிக்கனமாகப் பொறுக்கி எடுத்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும்: துணி 280, நாடாவும் இணைப்புகளும் 170, வலை 200, தார்ப் 380, கயிறும் முளையும் 100, அடிவிரிப்பு 500. கூட்டினால் 1,630 கிராம்.

ஒற்றை ஆள் கூடாரமும் ஒரு நல்ல பாயும் சேர்த்தே இந்த எடைக்குள் கிடைக்கும். ஆகவே எடை குறையும் என்பதற்காக மட்டும் கூடாரத்தை விட்டு ஹேமக்குக்கு மாறினால் ஏமாற்றம்தான். சரிவு, கல், வேர், சேறு என்று முதுகை நீட்டச் சமதளமே இல்லாத காட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதற்காக மாறினால் அது சரியான காரணம். புல்வெளியும் பாறையுமாக, மரமே இல்லாமல் போகும் வழி என்றால் யோசிக்கவே வேண்டாம், கூடாரம்தான்.

எடையைக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எங்கே குறைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். துணியின் நீளத்தில் கிராம் பிடிப்பார்கள், அரைக் கிலோ நாடாவைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எந்த வகை

ஹேமக் என்றதும் இரு முனையிலும் மரக்கம்பு வைத்து, தட்டையாக விரிந்து கிடக்கும் கயிற்று ஊஞ்சல் சிலருக்கு நினைவுக்கு வரும். அது தோட்டத்துக்குச் சரி. முதுகில் சுமக்கக் கனம், தூக்கத்தில் புரண்டால் ஆளைக் கவிழ்த்தும் விடும். பருத்தி நூலில் பின்னிய வலை ஹேமக் படுக்கச் சுகமானது, ஆனால் ஒரு மழை குடித்துவிட்டால் லேசில் காயாது. நடைப்பயணத்துக்கு ஏற்றது, துணியின் இரண்டு முனைகளையும் கொத்தாகச் சுருக்கிக் கண்ணி போட்ட வகை. அமைப்பில் தூளியேதான், பெரியவர் படுக்கும் அளவில். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கம்பு கொடுத்துத் தொட்டில் போல் விரிக்கும் ‘பிரிட்ஜ்’ வகை ஒன்றும் உண்டு. ஒருக்களித்தே தூங்கிப் பழகியவர்களுக்கு அது பிடிக்கும். கம்புகளின் எடை கூடுதல், தோள் அகலமானவர்களுக்கு இடிக்கவும் செய்யும். இனி இங்கே சொல்வதெல்லாம் கொத்துமுனை வகைக்கு.

நீளம்

தூளியில் குழந்தை உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும். வளர்ந்தவர் அப்படி வாழைப்பழம் போல் வளைந்து கிடந்தால் விடியும்போது இடுப்பு எழுந்திருக்க மறுக்கும். இதற்கு வழி குறுக்காகப் படுப்பது. நடுக்கோட்டில் உட்கார்ந்து, சாய்ந்து, கால்களை உள்ளே எடுத்த பிறகு பாதங்களை ஒரு பக்கம் ஒன்றரைச் சாண் நகர்த்த வேண்டும், தலையை எதிர்ப்பக்கம் அதே அளவு. இப்படி மூலைவாட்டில் கிடக்கும்போது துணி உடம்புக்கு அடியில் விரிந்து ஏறக்குறைய தட்டையாகிறது. ஹேமக்கில் முதுகு வலிக்கிறது என்பவர்களில் பலரும் நேர்க்கோட்டில் படுத்தவர்கள்தான்.

குறுக்காகப் படுக்கத் துணிக்கு நீளம் வேண்டும். உங்கள் உயரத்தோடு 120 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். 165 செ.மீ. உயரத்துக்கு 285 வரும், 300 இருந்தால் இன்னும் நல்லது. 175 செ.மீ.க்கு மேல் உயரமானவர்கள் 335 செ.மீ., அதாவது 11 அடி நீளத்துக்குப் போய்விடலாம். மலிவான ஹேமக்குகள் பல 260, 270 செ.மீ.யில் நின்றுவிடுகின்றன. பூங்காவில் அரை மணி நேரம் புத்தகம் படிக்க அது போதும்.

குட்டையான துணியில் படுத்தால் என்ன ஆகும் என்பதை உடம்பு இரண்டு இடங்களில் சொல்லிவிடும். ஒன்று தோள். இரண்டு பக்கத் துணியும் உள்நோக்கி அழுத்தித் தோள்களை முன்னால் குவிக்கும், கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டுதான் படுக்க முடியும். இன்னொன்று கெண்டைக்கால். துணியின் நடுவே நீளவாக்கில் ஒரு முறுக்கான வரப்பு எழும்பி நிற்கும். கால்களை மூலைப்பக்கம் நகர்த்தும்போது இந்த வரப்பு சரியாகக் கெண்டைக்காலுக்கோ முழங்காலுக்கோ அடியில் வந்து உட்காரும். முழங்காலுக்குக் கீழே துணி தாங்காமல் போனால் மூட்டு பின்பக்கமாக மடங்குவது போல் விறைக்கும். பத்து நிமிடத்தில் இது தெரியாது, மூன்று மணி நேரம் கழித்து எழுப்பிவிடும். முழங்காலுக்கு அடியில் உடைமூட்டையைச் சுருட்டி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். துணி நீளமாக இருந்தால் அந்த வைத்தியமே தேவைப்படாது.

இப்போது எடைக்கணக்கைப் பாருங்கள். 150 செ.மீ. அகலத் துணியில் 30 செ.மீ. நீளம் கூடினால் கூடும் பரப்பு 0.45 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 கிராம் துணி என்றால் 22 கிராம். இரவுத் தூக்கத்துக்கு இதைவிடக் குறைந்த கூலி கிடையாது.

அகலம் வேறு சங்கதி. ‘இருவர் படுக்கலாம்’ என்று 200 செ.மீ. அகலத்தில் விற்பவை உண்டு. இருவர் உட்காரலாம், படுத்தால் இரண்டு பேரும் நடுவில் உருண்டு ஒருவர் மேல் ஒருவர் கிடக்க வேண்டியதுதான். ஒருவர் மட்டும் படுத்தால் மிஞ்சிய துணி முகத்தின் மேல் கவிந்து காற்றில் படபடக்கும். ஒருவருக்கு 145 முதல் 160 செ.மீ. அகலம் போதும். அதற்கு மேல் உள்ள 40, 50 செ.மீ. வெறும் சுமை. நீளத்தில் கொடுத்த கிராமை இங்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி

துணியின் கனத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். டெனியர் என்பது நூலின் கணக்கு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். 20 டெனியர் மெல்லிது, 70 டெனியர் முரட்டு. இன்னொன்று சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்பது. அதை 34 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். 1.6 அவுன்ஸ் துணி 54 கிராம், 1 அவுன்ஸ் துணி 34 கிராம்.

1 அவுன்ஸ் துணியில் செய்த ஹேமக்குகளுக்குப் பெரும்பாலும் 90 கிலோ வரை என்று வரம்பு போடுவார்கள். 1.6 அவுன்ஸ் என்றால் 130 கிலோவும் அதற்கு மேலும். இந்த வரம்பு அசையாமல் படுத்திருப்பவருக்கானது. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் துணி உணரும் பாரம் உடம்பின் எடையைவிடப் பல மடங்கு. எனவே உங்கள் எடை, போர்வை, உடுப்பு எல்லாம் சேர்த்து வரும் எண்ணுக்கும் வரம்புக்கும் நடுவே குறைந்தது 20 கிலோ இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். 75 கிலோ ஆள் 1 அவுன்ஸ் துணியில் படுத்தால் இடைவெளி அரிதாகவே மிஞ்சும். அதோடு மெல்லிய நைலான் உடம்புக்கு அடியில் இழுபடும், நடு இரவில் இடுப்பு ஒரு குழிக்குள் இறங்கியது போல் இருக்கும். சராசரி எடையுள்ளவருக்கு 1.2 முதல் 1.6 அவுன்ஸ் துணிதான் என் தேர்வு. இதற்குக் கீழே போய் மிச்சப்படும் 50 கிராமுக்காகத் துணியைக் கண்ணாடிப் பாத்திரம் போல் காக்க வேண்டிவரும்: பின்பாக்கெட்டில் சாவி கூடாது, காலணியோடு ஏறக்கூடாது, நாய் பக்கத்தில் வரக்கூடாது.

நைலானா பாலியெஸ்டரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நைலான் மிருதுவானது, எடைக்கு எடை பலமும் கூட, ஆனால் இழுபடும், ஈரத்தில் இன்னும் தளரும். பாலியெஸ்டர் கொஞ்சம் விறைப்பானது, இழுபடாது, மாலையில் கட்டிய வடிவம் காலைவரை நிற்கும். குழைவாகத் தாங்கினால் பிடிக்குமா, இறுக்கமாகத் தாங்கினால் பிடிக்குமா என்பது அவரவர் முதுகைப் பொறுத்தது. எதுவானாலும் துணியில் சிறு கட்டங்களாகத் தடித்த இழை ஓடுகிறதா என்று பாருங்கள். அதுதான் ரிப்ஸ்டாப். முள் குத்தி ஓட்டை விழுந்தால் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும்.

இரட்டை அடுக்குத் துணி இடையில் பாய் செருக வசதி. அடியிலிருந்து கொசு கடிப்பதும் குறையும். எடை அப்படியே இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம்.

முப்பது பாகை

இங்கேதான் ஆட்கள் கீழே விழுகிறார்கள். துணி கிழிந்து விழுவதைவிடக் கட்டு அறுந்து விழுவதே அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், விறைப்பாகக் கட்டியது. தொய்வாகத் தொங்கினால் உடம்பு வளையும், இழுத்துக் கட்டினால் தட்டையாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. விறைத்த ஹேமக்கில் நடு வரப்பு இன்னும் கூர்மையாகும், ஓரங்கள் தோளை நெருக்கும், கவிழும் பயமும் கூடும்.

ஆள் படுத்த பிறகு நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருக்க வேண்டும். காரணம் எளிய கணக்கு. இரு முனைகளும் ஆளுக்குப் பாதியாக உங்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் சாய்வாகத்தான் இழுக்க முடியும். சரிவு குறையக் குறைய அதே பாரத்தைத் தூக்க இன்னும் பலமாக இழுத்தாக வேண்டும். 80 கிலோ ஆள் 30 பாகையில் படுத்தால் ஒவ்வொரு நாடாவிலும் 80 கிலோ இழுவிசை. 10 பாகையில் 230 கிலோ. 5 பாகையில் 459 கிலோ. ஆள் அதே ஆள்தான். தையலும் கண்ணியும் மரமும் தாங்க வேண்டிய பாரம் ஏறக்குறைய ஆறு மடங்காகிவிட்டது.

சரிவை அளக்கக் கருவி வேண்டாம். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் துப்பாக்கி போல் நீட்டி, ஆட்காட்டி விரலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் கோட்டின் சரிவு ஏறக்குறைய 30 பாகை. நாடா அந்தக் கோட்டுக்கு இணையாக ஓடினால் சரி.

எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உட்கார்ந்தால் துணி நாற்காலி உயரத்தில், சுமார் 45 செ.மீ.யில் நிற்க வேண்டும். மரங்களின் இடைவெளியில் பாதியை 0.58 ஆல் பெருக்கி 45 செ.மீ. சேர்த்தால் நாடாவின் உயரம் கிடைக்கும். இடைவெளி 4 மீட்டர் என்றால் 1.6 மீட்டர் உயரம். 4.5 மீட்டருக்கு 1.75. 6 மீட்டருக்கு 2.2 மீட்டர், அதாவது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டும். 4 முதல் 5 மீட்டர் இடைவெளி கட்ட இலகு. கால்பக்கத்து நாடாவை தலைப்பக்கத்தைவிட ஒன்றரைச் சாண் உயர்த்திக் கட்டுங்கள். உடம்பின் கனம் மேல்பாதியில் இருப்பதால் சமமாகக் கட்டினால் இரவு முழுக்கக் கால்பக்கம் வழுக்கிக்கொண்டே போவீர்கள்.

நடுக்கயிறு

இவ்வளவு கணக்கும் தினமும் போட முடியாது என்பதால்தான் ரிட்ஜ்லைன் வந்தது. ஹேமக்கின் ஒரு முனைக்கண்ணியிலிருந்து மறுமுனைக்கண்ணி வரை தலைக்கு மேலே ஓடும், நீளம் மாறாத கயிறு அது. மரங்கள் கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அது ஒரே அளவில் பிடித்து வைக்கிறது, தினமும் அதே தொய்வு கிடைக்கிறது. துணி நீளத்தில் 83 சதவீதம் என்று தொடங்குங்கள். 335 செ.மீ. துணிக்கு 278, 305 செ.மீ. துணிக்கு 253. பிறகு அவரவர் முதுகுக்கு ஏற்ப இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக் குறைக்கலாம்.

ரிட்ஜ்லைன் இருக்கிறதே என்று நாடாவை இழுத்துக் கட்டிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் மிகுதி இழுவிசை முழுக்க அந்த மெல்லிய கயிற்றில் ஏறும். படுத்தபடி கையை உயர்த்தி, கயிற்றை இரண்டு விரல்களால் பிடித்து வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் இணங்கி வளைந்து கொடுத்தால் சரியான கட்டு. வீணைத் தந்தி போல் விறைத்து நின்றால் இறங்கி நாடாவைத் தளர்த்துங்கள். தொளதொளவென்று தொங்கினால் நாடா தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும் ஹேமக்கில் இது இல்லையென்றால் தனியாக 10, 15 கிராமில் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி, விளக்கு, ஈரத்துண்டு மாட்டவும் இதுதான் கொடி.

நாடாவும் இணைப்பும்

மூட்டையில் அடித்துத் திருத்த வேண்டிய இடம் இது. கடைகளில் ஹேமக்கோடு சேர்த்துத் தரும் கண்ணிக் கண்ணியாகத் தைத்த நாடாக்கள் ஜோடி 300, 400 கிராம் வரை வரும். கூடவே இரண்டு இரும்புக் காரபினர். துணியைவிட இவை கனம். புதிதாகத் தொடங்குபவருக்கு வசதிதான்: கண்ணியில் மாட்டினால் முடிந்தது, முடிச்சே வேண்டாம். இரண்டு மூன்று பயணம் போன பிறகு இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மரத்தைத் தொடும் பகுதி கயிறாக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 செ.மீ. அகல நாடாவாக இருக்க வேண்டும். மரப்பட்டைக்கு உள்ளே மரத்தின் உயிரோட்டம் ஓடும் மெல்லிய அடுக்கு இருக்கிறது, மெல்லிய கயிறு அதை நசுக்கிவிடும். மென்பட்டை மரமானால் 4, 5 செ.மீ. அகலம் நல்லது. நைலான் நாடா வேண்டாம். படுத்த அரை மணியில் ஒரு சாண் இழுபட்டு, நடு இரவில் முதுகு தரையைத் தொடும். பாலியெஸ்டர் நாடா நம்பகமானது. டைனீமா என்னும் மிக உறுதியான செயற்கை இழை வகையில் நெய்தது அதைவிட லேசு.

நீளம் எவ்வளவு? 40 செ.மீ. குறுக்களவு உள்ள மரத்தைச் சுற்ற 1.26 மீட்டர் வேண்டும். மரங்கள் 4.5 மீட்டர் தள்ளி இருந்து, ரிட்ஜ்லைன் 2.8 மீட்டர் என்றால், ஒவ்வொரு பக்கமும் மரத்திலிருந்து ஹேமக் வரை சாய்வாக 1 மீட்டர் போகும். முடிச்சுக்கு 30 செ.மீ. ஆக 2.6 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 3 மீட்டர் நாடா போதும். பெருத்த மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் காடு என்றால் 3.6 அல்லது 4.5 மீட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்க மூன்று வழி பழக்கத்தில் உண்டு. சிஞ்ச் பக்கிள் என்னும் உலோகக் கொக்கி வழியாக நாடாவை இழுத்தால் இறுகும், இது நாடாவோடு சேர்த்து ஜோடி 150 முதல் 200 கிராம். நாடாவின் பின்முனையில் ஒரு சுருக்கு முடிச்சும் போட்டுவிட வேண்டும், வழுவழுப்பான நாடா பக்கிளில் மெதுவாக நழுவும். ஹூப்பி ஸ்லிங் என்பது உட்குடைவான கயிற்றைத் தனக்குள்ளேயே செருகிச் செய்த, நீளம் மாறும் கண்ணி. மர நாடாவோடு சேர்த்து 100 கிராம் சுற்றில் முடியும், ஆனால் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்று இருப்பதால் மரங்கள் நெருங்கி நின்றால் தகராறு. எல்லாவற்றையும்விட லேசானது பெக்கெட் ஹிட்ச் முடிச்சு. ஹேமக் முனையில் உள்ள கண்ணிக்குள் நாடாவை அடியிலிருந்து மேலே எடுத்து, கண்ணியின் இரு கால்களையும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏற்கெனவே வந்த நாடாவுக்கு அடியில் நுனியை இரட்டையாக மடித்துச் செருகி இறுக்க வேண்டும். உலோகமே இல்லை. அவிழ்க்க நுனியை இழுத்தால் போதும்.

ஹூப்பி ஸ்லிங்கும் முனைக்கண்ணியும் செய்யும் டைனீமா வகைக் கயிறு விந்தையான பொருள். ஆம்ஸ்டீல் என்ற பெயரில் வருவதில் 2.8 மி.மீ. கனமே 700 கிலோவுக்கு மேல் தாங்கும். அதற்கு இரண்டு பலவீனம். மெழுகு போல் வழுக்குவதால் சாதாரண முடிச்சு நிற்காது, நின்றாலும் முடிச்சு போட்ட இடத்தில் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஸ்ப்ளைஸ் செய்துதான், அதாவது கயிற்றின் நுனியை அதற்குள்ளேயே செருகித்தான் கண்ணி போட வேண்டும். இன்னொன்று சூடு. சுமார் 145 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். பக்கத்தில் தீ மூட்டிப் பறக்கும் பொறி ஒன்று போதும்.

காரபினர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதன் உடம்பில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள். 12 கேஎன் (kN, கிலோநியூட்டன்) என்றிருந்தால் ஏறக்குறைய 1,200 கிலோ. எண்ணே இல்லாமல் சாவிக்கொத்துக்கு விற்பது அழகுக்கு மட்டும்.

அடியில் ஏறும் குளிர்

தரையில் படுத்தால் மண் குளிரும், ஹேமக்கில் காற்று குளிரும், காற்று நிற்கவே நிற்காது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி உடம்பின் எடையில் நசுங்கிவிடுவதால் அங்கே அது வெறும் துணிதான். 20 பாகை செல்சியஸ் இரவிலேயே விடியும் நேரத்தில் முதுகும் இடுப்பும் சில்லிட்டுவிடும். கோடை இரவு, குளிராது என்று நினைத்துப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுவார்கள்.

இருப்பதை வைத்துச் சமாளிக்க ஒரு பாய் போதும். 50 செ.மீ. அகலப் பாயில் தோள்கள் இரண்டும் வெளியே குளிரும். துணி மேல் வழுக்கிக்கொண்டும் போகும். காற்றடைக்கும் பாயைப் பாதிதான் ஊத வேண்டும், முழுக்க ஊதினால் அது தெப்பம் போல் உங்களைக் கவிழ்க்கும். இரட்டை அடுக்கு ஹேமக்கில் இடையில் செருகினால் வழுக்காது.

தூக்கம் வேண்டுமென்றால் அண்டர்குவில்ட். ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் மெத்தைப் போர்வை அது. உடம்பின் எடை அதன் மேல் விழாததால் நசுங்குவதில்லை. தோள் முதல் முழங்கால் வரை மட்டும் வரும் முக்கால் நீளத்தது, மிதமான குளிருக்கு 300 முதல் 400 கிராமில் முடியும், பாதத்துக்கு அடியில் ஒரு சிறு நுரைத்துண்டு வைத்துக்கொள்ளலாம். மாட்டும் விதத்தில்தான் சூட்சுமம். படுத்தபின் துணிக்கும் குவில்ட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை புகுந்து விளையாட இடம் இருந்தால் காற்று அங்கே குடியிருக்கிறது, தொங்குகயிற்றைச் சுருக்குங்கள். உள்ளே அடைத்த இறகு தட்டையாகும் அளவுக்கு இறுக்கினால் மறுபடி குளிர்தான். பலர் விலை உயர்ந்த குவில்ட்டைக் குறை சொல்வது இந்த இரண்டு விரல்கடை இடைவெளியால்தான்.

வலை, தார்ப்

ஹேமக்கோடு தைத்த வலை, ஜிப் போட்டால் முடிந்தது என்ற அளவில் வசதி. கொசு இல்லாத பருவத்திலும் சுமக்க வேண்டும் என்பது குறை. ஜிப் எந்தப் பக்கம் திறக்கிறது, கால்மாடு எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். தலை இடம் கால் வலம் என்று வடிவமைத்ததில் மறுபக்கம் குறுக்காகப் படுக்க முடியாது. தனி வலை என்றால் இடுப்பளவு வரை மூடி அடியில் சுருக்குக் கயிறு உள்ளது 100 முதல் 150 கிராம்தான். வலை மேலே காத்தாலும் ஒற்றை அடுக்கு மெல்லிய துணியில் முதுகுப் பக்கமாகக் கொசு ஊசி ஏற்றும். பாயோ அண்டர்குவில்ட்டோ இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்தைத் தெளிப்பதானால் வெளிப்புறம் மட்டும் தெளித்து முழுக்க உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு ஆகாது, நீர்நிலையில் கலந்தால் மீனுக்கு ஆகாது.

தார்ப்பின் முகட்டு நீளம் ஹேமக்கின் ரிட்ஜ்லைனைவிட ஒவ்வொரு முனையிலும் குறைந்தது 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 278 செ.மீ. ரிட்ஜ்லைனுக்கு 335 செ.மீ. தார்ப் போட்டால் பக்கத்துக்கு 28 செ.மீ. கிடைக்கும், காற்றோடு வரும் சாரலுக்கு அது போதும். சிலிகான் பூசிய நைலான் மழையில் தளர்ந்து தொய்யும், நடுவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. எடை பெரிதாக வேறுபடாதபோது பாலியெஸ்டரையே எடுப்பேன். மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் தார்ப், அதற்கு அடியில் நின்று ஹேமக். மரத்தில் வழியும் தண்ணீர் நாடா வழியாகவே படுக்கைக்கு வந்து சேரும். தார்ப்பின் ஓரத்துக்கு உள்ளே, நாடாவில் ஒரு பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வாங்கியபின்

முதல் இரவை வீட்டுக்குப் பக்கத்திலேயே கழியுங்கள், மூட்டையின் எல்லாப் பொருளோடும். இரண்டு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் கையால் அழுத்தி, பிறகு மெல்ல உட்கார்ந்து, பிறகு படுங்கள். நாடா நழுவினால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். பத்து நிமிடம் படுத்துவிட்டுச் சுகம் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அதிகாலை மூன்று மணிக்கு எந்த இடம் வலிக்கிறது, எந்த இடம் குளிர்கிறது என்பதுதான் தீர்ப்பு. முழங்கால் விறைத்தால் ரிட்ஜ்லைனை இரண்டு செ.மீ. மாற்றுங்கள், தோள் நெருக்கினால் நாடாவைத் தளர்த்துங்கள், கால்பக்கம் வழுக்கினால் அந்த முனையை இன்னும் உயர்த்துங்கள். எது சரியாக அமைந்ததோ அந்த அளவில் நாடாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருட்டில் வந்து சேரும் நாளில் அது கைகொடுக்கும்.

காட்டில் நாடாவைச் சுற்றும் முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். காய்ந்து ஒடிந்த கிளை மேலே மாட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். 15 செ.மீ.க்குக் குறைவான குறுக்களவு மரமும், தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் பட்ட மரமும் வேண்டாம். மரத்தில் எதையும் கட்டவே கூடாது என்று விதி உள்ள காப்பிடங்களும் உண்டு, புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் துணியை நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானை மெல்ல மெல்ல மக்கச் செய்துவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டையும் வெளிச்சமாகத் தெரியும். நடுப்பகுதியில் இருந்தால் அந்தத் துணியை நம்பாதீர்கள். முனைக்கண்ணி துணியோடு உரசும் இடத்தை விரலால் தடவுங்கள், நாடாவின் தையல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தாலோ இழை பிரிந்து பூனைமயிர் போல் எழும்பியிருந்தாலோ அதற்கு ஆயுசு முடிந்தது. தூக்கிப் போடும் முன் கத்தரியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் வேறு யாராவது எடுத்துக் கட்டிப் படுத்துவிடுவார்கள்.